அக்டோபர் 3: சினிமாப் பாட்டுக்கு சர்க்கார் கதவு திறந்த நாள்

காலண்டரில் அக்டோபர் 2-ந் தேதி சிவப்பு எழுத்தில் இருக்கும். காந்தி ஜயந்தி. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். அடுத்த நாள் 3-ந் தேதி, கறுப்பு எழுத்தில், ஒன்றும் அறியாத பிள்ளை போல நிற்கும். அந்தத் தேதிக்கு என்ன விசேஷம் என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்களே யோசிப்பார்கள்.

விசேஷம் உண்டு. 1957-ம் வருஷம் அக்டோபர் 3-ந் தேதிதான் "விவித பாரதி" பிறந்தது. சினிமாப் பாட்டோடு ஐந்து வருஷம் மல்லுக்கு நின்ற இந்திய சர்க்கார், அன்றுதான் இறங்கி வந்தது. பூட்டி வைத்திருந்த பாட்டுக் கதவை ஜனங்களுக்குத் திறந்து விட்டது. 2027-ம் வருஷம் அக்டோபர் 3-ந் தேதியோடு அதற்கு 70 வயது நிறைகிறது.

பழைய கதைதானே, இப்போது எதற்கு என்று நினைக்க வேண்டாம். அன்று நடந்த சண்டை ஒரே ஒரு கேள்விக்காக நடந்தது. ஜனங்கள் எந்தப் பாட்டைக் கேட்பது என்று முடிவு செய்கிறவர் யார்? அந்தக் கேள்விக்கு அன்று டில்லியில் ஒரு மந்திரி பதில் சொன்னார். இன்று அதே கேள்வி நம் சட்டைப் பையில் இருக்கும் செல்போனுக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. பதில் சொல்கிறவர்தான் கண்ணுக்குத் தெரியவில்லை.

டில்லி மந்திரி

முதல் பொதுத் தேர்தல் முடிந்து 1952-ல் நேரு மந்திரி சபை அமைத்தார். செய்தி, ஒலிபரப்பு இலாகா பி. வி. கேஸ்கர் கைக்கு வந்தது. பாலகிருஷ்ண விசுவநாத் கேஸ்கர் என்பது முழுப் பெயர். மராட்டியர். காசியிலும் பாரிஸ் நகரத்திலும் படித்தவர். இந்துஸ்தானி சங்கீதம் பயின்றவர்.

அவருக்குச் சினிமாப் பாட்டு என்றால் ஆகாது. மேல்நாட்டு மெட்டைக் கலந்து நம் சங்கீதத்தைக் கெடுக்கிறார்கள், பாட்டின் கருத்தும் தரமில்லை என்பது அவர் எண்ணம். ஜனங்களின் ரசனையைத் திருத்த ரேடியோவே நல்ல கருவி என்று நினைத்தார்.

அவர் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. அப்போது நாட்டில் ரேடியோ என்றால் சர்க்கார் ரேடியோ ஒன்றுதான். தனியார் ரேடியோ கிடையாது. டெலிவிஷன் கிடையாது. டில்லிக்கே 1959-ல்தான் டெலிவிஷன் வந்தது. சென்னைக்கு 1975-ல் வந்தது. வீட்டில் ரேடியோப் பெட்டி வைத்திருப்பவர் தபாலாபீசில் வருஷா வருஷம் லைசென்ஸ் பணம் கட்ட வேண்டும். அதற்கு வசதி இல்லாதவர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ. சாயங்காலம் ஒலிபெருக்கி பாடத் தொடங்கும். வேலை முடிந்து வந்தவர்கள் அதன் கீழே துண்டை விரித்து உட்கார்ந்து விடுவார்கள். அந்த ஒலிபெருக்கியில் எது வரவேண்டும் என்பதை டில்லியில் இருந்தே சொல்லலாம்.

கேஸ்கர் சொன்னார். மொத்த நேரத்தில் நூற்றுக்குப் பத்து பங்குக்கு மேல் சினிமாப் பாட்டு கூடாது. அந்தப் பத்திலும், ரேடியோ அதிகாரிகள் கேட்டுப் பார்த்துச் சம்மதித்த பாட்டைத்தான் வைக்க வேண்டும். பாடியவர் பெயரைச் சொல்லலாம். எந்தப் படத்தில் வந்த பாட்டு என்று சொல்லக் கூடாது. படத்தின் பெயரைச் சொன்னால் அது இலவச விளம்பரம் ஆகிவிடுமாம்!

கடைசி உத்தரவுதான் சினிமா முதலாளிகளைச் சுட்டது. எங்கள் பாட்டு வேண்டும், எங்கள் படத்தின் பெயர் வேண்டாமா என்று கோபித்துக்கொண்டு, பாட்டை ஒலிபரப்பும் உரிமையையே திருப்பிக்கொண்டார்கள். மந்திரி அசையவில்லை. சில மாதங்களில் சர்க்கார் ரேடியோவில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

அது எந்த வருஷம் என்பதைக் கவனிக்க வேண்டும். 1952 தீபாவளிக்குத்தான் "பராசக்தி" வந்தது. அதன் வசனத்தை ஊரே மனப்பாடம் செய்தது. ஆர். சுதர்சனம் இசை அமைத்த அதன் பாட்டுகளை ஊரே முணுமுணுத்தது. தமிழ்நாடு சினிமாவில் மூழ்கிக் கிடந்த அந்த வேளையில், சர்க்கார் ரேடியோ முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

கேஸ்கர் கெட்டவரா?

இல்லை. அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

அந்தக் காலத்தில் சங்கீத வித்துவான்களின் நிலைமையைப் பாருங்கள். அதுவரை அவர்களை ஆதரித்தவர்கள் ராஜாக்களும் ஜமீன்தார்களும். சுதந்திரம் வந்ததும் சமஸ்தானங்கள் போயின. ஜமீன்களும் போயின. வீணையையும் தம்பூராவையும் தோளில் போட்டுக்கொண்டு வித்துவான்கள் எங்கே போவார்கள்? அவர்களுக்கு ரேடியோதான் புது ராஜா ஆயிற்று. கேஸ்கர் காலத்தில் நூற்றுக்கணக்கான வித்துவான்களுக்கு ரேடியோவில் இடம் கிடைத்தது. 1952-ல் சனிக்கிழமை இரவு தேசிய சங்கீத நிகழ்ச்சி தொடங்கியது. தஞ்சாவூர்ப் பாட்டை டில்லியில் கேட்டார்கள். டில்லிப் பாட்டை இங்கே கேட்டார்கள். 1954-ல் ரேடியோ சங்கீத சம்மேளனம் வந்தது. சினிமாப் பாட்டுக்கு மாற்றாக, ரேடியோவுக்கென்றே மெல்லிசைப் பாட்டு தயாரிக்கும் ஏற்பாடும் வந்தது. இவையெல்லாம் சிறு காரியங்கள் அல்ல.

இடையில் ஒரு வேடிக்கை. சர்க்கார் ரேடியோவில் ஆர்மோனியப் பெட்டிக்கும் தடை இருந்தது. அதைப் போட்டவர் கேஸ்கர் அல்ல. வெள்ளைக்காரர் ஆண்ட 1940-லேயே போட்ட தடை அது. நம் சங்கீதத்தின் கமகம் அந்தப் பெட்டியில் பேசாது என்பது காரணம். தடை தளர 30 வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நாடகக் கொட்டகையில் ஆர்மோனியம் சுருதி கொடுக்காமல் ராஜபார்ட் வாய் திறக்க மாட்டார். அதே பெட்டி ரேடியோ வாசலில் தீண்டாச் சாமானாக நின்றது. ஆகவே, ஜனங்களுக்கு எது நல்லது என்று மேலே இருந்து முடிவு செய்யும் பழக்கம் கேஸ்கருக்கு முன்பே இருந்தது.

கேஸ்கர் செய்த பிசகு வேறு. பிள்ளைக்குக் கீரை நல்லது என்று தாய்க்குத் தெரியும். கீரையோடு இரண்டு வடையும் வைத்தால் பிள்ளை இரண்டையும் தின்னும். கீரை மட்டும்தான் என்று சொல்லிக் கதவைச் சாத்தினால், பிள்ளை கொல்லைப்புறமாக ஓடிப் போய் எதிர் வீட்டில் வடை தின்னும். எதிர் வீட்டில் அப்போதுதான் எண்ணெய் காய்ந்து கொண்டிருந்தது.

யுத்தம் விட்டுப் போன இயந்திரம்

எதிர் வீடு இலங்கை.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது, ஆசியாவில் சண்டையிட்ட நேச நாட்டுப் படைகளுக்குத் தளபதி மவுண்ட்பேட்டன். பின்னால் நம் நாட்டுக்கு வைஸ்ராயாக வந்தவர்தான். இலங்கையில் கண்டி நகரம் அவருடைய தலைமையிடம். பல நாடுகளில் சிதறிக் கிடந்த போர்வீரர்களுக்குச் செய்தியும் பாட்டும் கொடுக்க, கொழும்புக்கு அருகே ஏகல என்ற இடத்தில் மிகவும் சக்தி வாய்ந்த ஒலிபரப்பு இயந்திரத்தை நிறுவினார்கள்.

அது சிற்றலை இயந்திரம். சிற்றலை ஒலி தரையோடு தவழ்ந்து போகிற ஜாதி அல்ல. மேலே கிளம்பி, வானத்தில் வெகு உயரத்தில் உள்ள ஒரு மின் படலத்தில் மோதி, பந்து போலத் திரும்பித் தரைக்கு வரும். அதனால் ஆயிரக்கணக்கான மைல் தாண்டியும் கேட்கும். யுத்தம் முடிந்ததும் படை போயிற்று. இயந்திரம் இலங்கைக்கு நின்றது.

சின்ன நாடு, பெரிய இயந்திரம். இலங்கை அரசாங்கம் அதை வியாபாரத்துக்குப் பயன்படுத்தியது. 1950-ல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. அதை நடத்த ஆஸ்திரேலியாவில் இருந்து கிளிஃபோர்ட் டாட் என்பவர் வந்தார். விளம்பரம் வாங்கு, பாட்டுப் போடு என்பதே திட்டம். இரண்டு வருஷத்தில் இந்தியாவில் சினிமாப் பாட்டுக்குக் கதவு சாத்தப்பட்டது. இலங்கைக்கு அடித்தது அதிர்ஷ்டம்.

இந்தி, தமிழ் இரண்டிலும் பாட்டு வந்து கொட்டியது. பத்து வீட்டில் ஒன்பது வீட்டு ரேடியோவில் இலங்கைதான் பாடுகிறது, பத்தாவது வீட்டு ரேடியோ ரிப்பேர் என்று அந்நாளில் வேடிக்கையாகப் பேசிக்கொள்வார்கள்.

மயில்வாகனன் சொன்ன பெயர்கள்

தமிழ்நாட்டுக்கு இலங்கை எட்டின தூரம். தெற்கு ஜில்லாக்களில் சென்னையை விடக் கொழும்பு தெளிவாகக் கேட்கும். கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம்.

இலங்கைத் தமிழ் ஒலிபரப்பில் எஸ். பி. மயில்வாகனன் என்று ஓர் அறிவிப்பாளர். குரலிலேயே சிரிப்பார். சினிமா நட்சத்திரத்துக்கு உள்ள புகழ் அவருக்குத் தமிழ்நாட்டில் இருந்தது. அவருக்குப் பின்னால் ராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது என்று ஒரு வரிசையே வந்தது. காலையில் "பொங்கும் பூம்புனல்" கேட்டுக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளைகள் இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள். "பாட்டுக்குப் பாட்டு" நிகழ்ச்சி ரேடியோவில் இருந்து டெலிவிஷனுக்கே போயிற்று.

பாட்டு மட்டும் போட்டிருந்தால் இவர்களை இத்தனை காலம் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். இவர்கள் பெயரைச் சொன்னார்கள். என்ன படம், பாட்டை எழுதியவர் யார், இசை அமைத்தவர் யார், பாடியவர்கள் யார் யார்! நல்ல தமிழில், நிறுத்தி, அழகாகச் சொன்னார்கள். சென்னையில் படத்தின் பெயரைச் சொல்லக் கூடாது என்று உத்தரவு. கொழும்பில் பாட்டு எழுதிய கவிஞர் வரை சொன்னார்கள். இது மருதகாசி பாட்டு, இது உடுமலை நாராயண கவி பாட்டு, இது தஞ்சை ராமையாதாஸ் பாட்டு என்று பிரித்துச் சொல்லும் பழக்கம் நம் ஜனங்களுக்கு எங்கிருந்து வந்தது? படக் கொட்டகை வாசலில் அணாக் கணக்கில் விற்ற பாட்டுப் புத்தகம் ஒரு பக்கம். இலங்கை ரேடியோ இன்னொரு பக்கம்.

விமானத்தில் போய் வந்த பாட்டு

இந்தியில் நடந்தது இதைவிட விசித்திரம்.

1952-ம் வருஷம் டிசம்பர் 3-ந் தேதி, புதன்கிழமை, இலங்கை ரேடியோவில் "பினாகா கீத் மாலா" தொடங்கியது. பினாகா என்பது பல் விளக்கும் பேஸ்ட். நிகழ்ச்சியை நடத்தியவர் அமீன் சயானி. அப்போது அவருக்கு 20 வயதுகூட நிறையவில்லை. வாரச் சம்பளம் 25 ரூபாய். ஏழு பாட்டுப் போடுவார். படங்கள் வந்த வருஷப்படி அவற்றை முன்பின் வரிசைப்படுத்தி எழுதுகிறவருக்கு 100 ரூபாய் பரிசு. முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்து விழுந்தன. பிறகு அது வாரத்துக்கு 65,000 வரை போயிற்று. அத்தனையையும் பிரித்துப் படிக்க முடியாமல் திணறி, போட்டியை விட்டுவிட்டு, ஜனங்களுக்குப் பிடித்த பாட்டுகளை வரிசைப்படுத்திச் சொல்லும் நிகழ்ச்சியாக மாற்றினார்கள்.

அமீன் சயானி கொழும்பில் உட்கார்ந்து பேசவில்லை. பம்பாயில் பேசினார். பேச்சைப் பம்பாயிலேயே நாடாவில் பதிவு செய்து, விமானத்தில் கொழும்புக்கு அனுப்பினார்கள். கொழும்பு அதைக் காற்றில் விட்டது. காற்று அதைப் பம்பாய்க்கே கொண்டு வந்து சேர்த்தது. பாட்டு இந்தியப் பாட்டு, பேச்சு இந்தியப் பேச்சு, பேஸ்ட் விற்பது இந்தியாவில், கேட்பவரும் இந்தியர். நடுவில் கடலைத் தாண்டிப் போய் வருவதற்கு இந்தியக் கம்பெனிகளின் விளம்பரப் பணம் இலங்கைக்குப் போயிற்று. மூக்கைத் தொடத் தலையைச் சுற்றிக் கையைக் கொண்டு வந்த கதை.

ரசனையும் திருந்தவில்லை, பணமும் போயிற்று, ஜனங்களும் போனார்கள். இதைக் கண்டுகொள்ள டில்லிக்கு ஐந்து வருஷம் பிடித்தது.

மயிலைப் பாடித் தொடங்கினார்கள்

1957 அக்டோபர் 3-ந் தேதி விவித பாரதி ஒலித்தது. "பலவகை நிகழ்ச்சி" என்று பொருள் கொள்ளலாம். பம்பாயிலும் சென்னையிலும் இருந்த சக்தி வாய்ந்த சிற்றலை இயந்திரங்கள் அதை நாடெங்கும் பரப்பின. இலங்கை எந்த ஆயுதத்தால் ஜெயித்ததோ அதே ஆயுதம். திட்டம் போட்டுக் கொடுத்தவர் இந்திக் கவிஞர் பண்டித நரேந்திர சர்மா.

முதல் பாட்டு மயிலைப் பற்றிய ஓர் இந்திப் பாட்டு. இங்கேதான் சர்க்காரின் சாமர்த்தியத்தைப் பார்க்க வேண்டும். அது சினிமாப் பாட்டு அல்ல! விவித பாரதிக்கென்றே எழுதியது. எழுதியவர் அதே நரேந்திர சர்மா. ஆனால் இசை அமைத்தவர் அனில் பிஸ்வாஸ். பாடியவர் மன்னா டே. இருவரும் சினிமாவில் கொடி கட்டிப் பறந்தவர்கள். சினிமாவிடம் தோற்றோம் என்று சொல்ல மனம் வராமல், சினிமாக்காரர்களை அழைத்துச் சினிமா அல்லாத பாட்டைப் பாடச் செய்தார்கள். அதற்குப் பிறகு சினிமாப் பாட்டு தாராளமாக உள்ளே வந்தது.

அப்போதும் மந்திரி கேஸ்கர்தான். அவரே சாத்திய கதவை அவர் காலத்திலேயே திறக்க வேண்டியதாயிற்று. 1962-ல் பதவி போன பிறகு அவர் நேஷனல் புக் டிரஸ்டுக்குத் தலைவராகி, ஜனங்களுக்கு நல்ல புத்தகம் கொடுக்கும் வேலையில் இறங்கினார்.

விவித பாரதியில் முதல் பத்து வருஷம் விளம்பரம் இல்லை. 1967 நவம்பர் 1-ந் தேதி பம்பாய், பூனா, நாகபுரியில் விளம்பரம் தொடங்கியது. பிறகு மற்ற ஊர்களுக்கும் வந்தது. இலங்கைக்குப் போன பணம் வீடு திரும்ப ஆரம்பித்தது. டிரான்சிஸ்டரும் வந்து விட்டதால் பாட்டு வயலுக்கும் தறிக்கொட்டகைக்கும் போயிற்று. தமிழ்நாட்டில் "தேன் கிண்ணம்" கேட்காமல் தூக்கம் வராது என்று சொல்லும் குடும்பங்கள் ஏராளம். இலங்கை ரேடியோவில் 36 வருஷம் ஓடிய கீத் மாலாவும் கடைசியில், 1989-ல், விவித பாரதிக்கே வந்து சேர்ந்தது!

ஒரு கவிஞரை மட்டும் இந்தக் கணக்கில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959 அக்டோபர் 8-ந் தேதி காலமானார். வயது 29. விவித பாரதி பிறந்து சரியாக இரண்டு வருஷமும் ஐந்து நாளும் ஆகியிருந்தது. அவர் சினிமாவுக்குப் பாட்டு எழுதியதே சில வருஷம்தான். அதில் பாதி, சர்க்கார் ரேடியோ சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்திருந்த காலம். உழைப்பாளி ஜனங்களுக்காக எழுதிய பாட்டு. அந்த ஜனங்கள் கூடி உட்கார்ந்த இடம் பஞ்சாயத்து ரேடியோ. அங்கே அது வராது. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் கொழும்பிலும்தான் கேட்டார்கள். மெட்டு நல்லதா கெட்டதா என்று பார்த்த அதிகாரிகள், பாட்டில் உள்ள சொல்லையும் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம்.

லண்டனிலும் இதே கதை

நம் சர்க்காருக்கு மட்டும்தான் இந்த அனுபவம் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் பி.பி.சி. இளைஞர்கள் விரும்பும் பாப் பாட்டைச் சொட்டுச் சொட்டாகத்தான் கொடுத்தது. இசைத்தட்டுகளை இத்தனை மணி நேரம்தான் போடலாம் என்று அங்கே ஓர் ஒப்பந்தமும் இருந்தது. 1964-ம் வருஷம் மார்ச்சு மாதம் சிலர் ஒரு கப்பலில் ரேடியோ நிலையம் அமைத்தார்கள். கரையை விட்டுத் தள்ளிக் கடலில் நங்கூரம் போட்டு, இரவு பகலாகப் பாட்டுப் போட்டார்கள். "ரேடியோ கரோலின்" என்று பெயர். பிறகு இன்னும் பல கப்பல்கள் வந்தன. இவற்றுக்குக் கடற்கொள்ளை ரேடியோ என்றே பெயர் ஆயிற்று. 1967 ஆகஸ்டு 14 நள்ளிரவோடு சர்க்கார் சட்டம் போட்டு அடக்கியது. ஆனால் ஆறு வாரம் கழித்து, செப்டம்பர் 30-ந் தேதி, பி.பி.சி.யே பாப் பாட்டுக்கென்று "ரேடியோ ஒன்" தொடங்கியது. அதில் முதலில் பேசியவர் டோனி பிளாக்பர்ன். எங்கிருந்து வந்தவர்? கொள்ளைக் கப்பலில் இருந்துதான்!

இன்று யார் மந்திரி?

இப்போது நம் காலத்துக்கு வருவோம்.

2020-ம் வருஷம் ஜூன் 29-ந் தேதி இந்திய அரசு டிக்டாக் உள்பட 59 செல்போன் ஆப்களைத் தடை செய்தது. அது பாட்டுக்காகப் போட்ட தடை அல்ல. நாட்டின் பாதுகாப்புக்காகப் போட்டது. ஆனால் டிக்டாக்கில் பாட்டுக்கு வாயசைத்து ஆடிய கூட்டம் என்ன செய்தது? பத்து நாள்கூட ஆகவில்லை. ஜூலை 8-ந் தேதி இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸ் திறந்தது. கூட்டம் அங்கே போயிற்று. செப்டம்பரில் யூடியூபும் ஷார்ட்ஸ் என்று ஒரு கடை போட்டது. ஒரு வாசல் சாத்தினால் கேட்கிறவர்கள் அடுத்த வாசலுக்குப் போவார்கள் என்பதில் 1952-க்கும் 2020-க்கும் வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. இப்போது எந்தப் பாட்டுக்கும் தடை இல்லை. தியாகராஜ பாகவதர் பாட்டு வேண்டுமா, இருக்கிறது. நேற்று வந்த பாட்டு வேண்டுமா, இருக்கிறது. கோடிக்கணக்கான பாட்டு கைக்குள் இருக்கிறது. ஆனால் ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டு தானாக வருகிறதே, அதை யார் போடுகிறார்கள்?

ஒரு கம்ப்யூட்டர் கணக்கு போடுகிறது. நீங்கள் எந்தப் பாட்டை முழுவதும் கேட்டீர்கள், எதைப் பாதியில் தள்ளினீர்கள், உங்களைப் போன்ற மற்றவர்கள் எதைக் கேட்டார்கள் என்று குறித்து வைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்து நீட்டுகிறது. இதில் நன்மை உண்டு. நாம் கேட்டறியாத நல்ல பாட்டு சில சமயம் வந்து வாய்க்கிறது. ஆனால் இதில் வியாபாரமும் உண்டு. பாட்டுக்கு உரியவர்கள் தங்கள் ராயல்டியில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால், அந்தப் பாட்டைக் கூடுதலாக முன்னே நிறுத்தும் ஏற்பாட்டை ஸ்பாட்டிஃபை கம்பெனி 2020-ல் அறிவித்தது. கேட்கிறவருக்கு அது தெரியாது. பாட்டு தானாக வந்தது என்றே நினைப்பார்.

இன்னொன்று. அந்த ஆப்பில் ஒரு பாட்டை 30 வினாடி கேட்டால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. அதற்குள் கேட்பவர் தள்ளிவிட்டால் காசு இல்லை. ஆகவே, எடுத்த எடுப்பிலேயே காதைப் பிடித்து இழுக்க வேண்டும். நம் பழைய பாட்டுகளில் முதலில் தாளம் இல்லாமல் தொகையறா வரும். டி. எம். சௌந்தரராஜனோ சீர்காழியோ குரலை மெதுவாக மேலே ஏற்றிக்கொண்டு போவார்கள். அதன் பிறகுதான் பல்லவி. இன்றைய கணக்குக்கு அந்தத் தொகையறா முடிவதற்குள் நேரம் முடிந்து விடும். சினிமாப் பாட்டில் தொகையறா அருகிப் போனதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இந்த 30 வினாடிக் கணக்கு அதைத் திரும்பி வரவிடாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேஸ்கர் மேல் ஜனங்களுக்குக் கோபம் வந்தது. அவர் யார், எங்கே இருக்கிறார், எந்த இலாகா மந்திரி என்று எல்லாம் தெரியும். பார்லிமெண்டில் அவரைக் கேள்வி கேட்கலாம். பத்திரிகையில் கேலிச் சித்திரம் போடலாம். கொழும்புக்கு ஒரு கார்டு போட்டால் மயில்வாகனன் பெயரைப் படிப்பார். இன்று நம் பிள்ளைகள் எந்தப் பாட்டைக் கேட்பது என்று முடிவு செய்யும் கணக்குக்கு விலாசம் இல்லை. கார்டு போட முடியாது. அடுத்த பாட்டுக்குத் தள்ளலாம், அவ்வளவுதான். அதையும் அது குறித்து வைத்துக்கொள்ளும்.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல வேண்டாம். அந்த நாளில் ரேடியோப் பெட்டி கூடத்தில் இருந்தது. தாத்தாவுக்குப் பிடித்த பாட்டைப் பேரனும் கேட்டே ஆக வேண்டும். பேரனுக்குப் பிடித்ததைத் தாத்தாவும் பொறுத்துக்கொள்வார். இன்று அப்பா காதில் ஒரு பாட்டு, அம்மா காதில் ஒரு பாட்டு. ஒருவருக்கு வந்தது மற்றவருக்குத் தெரியாது.

பெயர் எங்கே?

பெயர் சொல்லும் விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. அதில் பணமும் அடங்கியிருக்கிறது.

சினிமாவுக்குப் பாட்டு எழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் அந்தப் பாட்டின் மேல் உரிமை உண்டா? படத் தயாரிப்பாளர் கூலி கொடுத்துச் செய்வித்தால், பாட்டு தயாரிப்பாளருக்கே சொந்தம் என்று 1977-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. பாட்டு ரேடியோவில் ஆயிரம் தடவை பாடினாலும் எழுதியவர் வீட்டில் அடுப்பு எரியாது. இதை எதிர்த்துக் கவிஞர்களும் இசை அமைப்பாளர்களும் பல வருஷம் போராடினார்கள். ராஜ்ய சபையில் கவிஞர் ஜாவேத் அக்தர் பேசினார். 2012-ல் சட்டம் திருத்தப்பட்டது. அந்த வருஷம் ஜூன் 21-ந் தேதி அமலுக்கு வந்தது. அதன்படி, சினிமாவுக்கு வெளியே பாட்டு ஒலிக்கும்போது வரும் ராயல்டியில் எழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கை யாரும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது.

சட்டம் பங்கு கொடுத்தது. பெயரைச் சொல்லும் பழக்கத்தைச் சட்டம் கொடுக்க முடியாது. 2024-ல் "மஞ்ஞுமல் பாய்ஸ்" என்ற மலையாளப் படம் வந்தது. அதில் 1991-ல் வந்த "குணா" படப் பாட்டு ஒன்று வருகிறது. 33 வருஷம் கழித்து அந்தப் பாட்டு மறுபடி ஊரெங்கும் கிளம்பியது. பிறக்காத காலத்துப் பாட்டுக்குப் பிள்ளைகள் வாயசைத்தார்கள். இசை அமைத்த இளையராஜா, தம்மிடம் அனுமதி கேட்கவில்லை என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். பத்திரிகைகளில் பெரிய வாதப் பிரதிவாதம் நடந்தது. இளையராஜாவின் பெயர் எல்லோருக்கும் தெரிந்தது.

பாட்டை எழுதியவர் வாலி. அந்த நாட்களில் வந்து குவிந்த சின்ன வீடியோக்களில் அவர் பெயரைப் போட்டது ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.